சாகும் உரிமை யாருடையது?

(வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போவது சாவைப் பற்றி. நல்ல நாளும் அதுவுமாய் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகின்றது. நல்ல நாளில் பேசாமல் விட்டதால்தான், ஒருவர் வாய் பேசமுடியாமல் கிடக்கும்போது மற்றவர்கள் கூடிப் பேச வேண்டியதாயிருக்கின்றது.

தீராத நோயில் கிடந்து வாதைப்படும் ஒருவர், "எனக்கு இனி வைத்தியம் வேண்டாம், என்னைப் போகவிடுங்கள்" என்று கேட்டால் சட்டம் அதற்கு இடந்தரலாமா என்பது கேள்வி. "உயிர் கடவுள் கொடுத்தது, அதை முடிக்க மனிதனுக்கு என்ன அதிகாரம்?" என்கின்றார்கள் ஆஸ்திகர்கள். சரி, கடவுள் எடுக்க வரும்போது தடுக்க மட்டும் இவர்களுக்கு அதிகாரம் எப்படி வந்தது? அம்மை குத்திக்கொள்ளவில்லையா? வயிற்றைக் கீறி ஆபரேஷன் செய்துகொள்ளவில்லையா? மூச்சு நின்றவருக்கு இயந்திரத்தைக் கொண்டு மூச்சுவிடச் செய்யவில்லையா? சாவைத் தள்ளிப்போட மனிதன் புத்தியை உபயோகிக்கலாம், வாதையைச் சுருக்க உபயோகிக்கக் கூடாது என்றால் இது எந்த ஊர் நியாயம்? பூர்வஜென்ம கர்மம் என்று சொல்லுகிறவர்கள் எல்லாம் அடுத்த வீட்டுக்காரன் நோயைப் பார்த்துத்தான் சொல்லுகிறார்களேயொழிய, தன் பல்வலிக்குச் சொன்னவரை நான் கண்டதில்லை.

மும்பையில் நடந்ததைக் கேளுங்கள். கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் அம்மாளை 1973 நவம்பர் 27-ல் அங்கு வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துக் கெடுத்தான். மூளைக்குப் பிராணவாயு போகாமல், நினைவும் பேச்சும் இல்லாமல் அவர் 41 வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். கெடுத்தவனுக்குக் கிடைத்தது ஏழு வருஷ தண்டனை! அந்த அம்மாளைப் போகவிட வேண்டுமென்று பிங்கி விரானி என்ற எழுத்தாளர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கூடாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் அந்த ஆஸ்பத்திரி நர்சுகள். 2011 மார்ச்சு 7-ல் கோர்ட்டார் மனுவைத் தள்ளினார்கள். 2015 மே 18-ல் நிமோனியா கண்டு அவர் இறந்தார். இரு கட்சியாரும் அவர்மேல் அன்புள்ளவர்களே; தலைமுறை தலைமுறையாய் அந்த நர்சுகள் பார்த்த பணிவிடையை நான் தலைவணங்கிச் சொல்லுகிறேன். ஆனால் அருணா என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல யாரிடத்திலும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

மனுவைத் தள்ளிய அதே தீர்ப்பில்தான் உயிர்தாங்கும் வைத்தியத்தை நிறுத்த முதன்முதலாக வழி சொல்லப்பட்டது. 2018 மார்ச்சு 9-ல் ஐந்து ஜட்ஜுகள் கூடி, மானத்தோடு சாவதும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தார்கள். புத்தி தெளிவாயிருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றும் ஆயிற்று. ஆனால் ஊசி போட்டு உயிரைப் போக்குவது இங்கே இன்றும் குற்றமே. ஒல்லாந்து தேசத்தில் 2002 முதல், நோயாளியே கேட்டு, வேறு வழியில்லையென்று இரண்டு டாக்டர்கள் கண்டால் அதற்கும் சட்டத்தில் இடமிருக்கின்றது. நம் சட்டமும் அங்கே போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

"ஐயா, சட்டம் வந்தால் வீட்டுக்கு வீடு தலைக்கூத்தல் வந்துவிடுமே" என்று ஒரு தோழர் கேட்டார். இதைத் தட்டிவிட்டுப் போக என்னால் முடியாது. விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் படுக்கையில் விழுந்த கிழவர் கிழவிகளுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கவைத்து, ஜன்னி கண்டு சாகவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். ஊராருக்குத் தெரியும், கேட்பாரில்லை. சட்டம் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது! கிழவியைத் தவிர மற்ற எல்லாரையும் கலந்துகொண்டு செய்கின்ற காரியம் அது. நான் கேட்கும் சட்டத்தில் மகன் கேட்டால் செல்லாது, மருமகள் கேட்டால் செல்லாது, பங்காளி கேட்டால் போலீசு வரவேண்டும்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறேன். கஞ்சிக்கும் மருந்துக்கும் மகன் கடன்படுவதைப் பார்த்து, "நான் போய்விட்டால் தேவலை" என்று தகப்பன் சொன்னால், அது அவன் வாய் சொன்னதா, வறுமை சொன்னதா? அதனால் நோயாளியைத் தனியாக வைத்துக் கேட்கவேண்டும். ஒருதரம் அல்ல, பலதரம் கேட்கவேண்டும். அதற்கும் முன்னே அவர் வலியைத் தீர்க்கவேண்டும். நம் தேசத்தில் சர்க்கார் அனுமதியோடு அபின் பயிராகின்றது. அதிலிருந்து எடுக்கும் மார்பின் மருந்தோ நம் ஏழை நோயாளிக்கு எளிதில் கிடைப்பதில்லை. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அதை வாங்கிவைக்கவே தயங்கின. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். தயக்கம் இன்னும் முழுதும் போகவில்லை. வலிக்கு மருந்து கொடுக்காமல் "சாக இஷ்டமா?" என்று கேட்பது அடித்து வாங்கும் வாக்குமூலம் போன்றதாகும்.

சட்டம் மாறும்போது மாறட்டும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கின்றது. 2018 தீர்ப்பில் எழுதிவைக்கச் சொன்ன அந்தப் பத்திரத்துக்கு அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை மாற்றி, இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெஜட்டெட் அதிகாரியோ இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். 18 வயது ஆன எவரும் எழுதலாம். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். நான் எழுதிவிட்டேன். சாகச் சம்மதம் என்று அல்ல. எனக்கு நினைவு தப்பினால் எதுவரையில் வைத்தியம் பார்க்கவேண்டும், யாரைக் கேட்கவேண்டும், யாரைக் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். அதன் நகல் இந்த மேஜைமேல் இருக்கின்றது. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கூட்டம் கலைந்ததும் என்னிடம் வாருங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.