எண்ணிக்கையில் ஏறாத காய்ச்சல்



2020 ஜூலையில் செம்பூர், மாட்டுங்கா, தகிசர் பகுதிகளின் மூன்று வார்டுகளில் 6,936 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும், மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம் பேருக்கும் கொரோனா வந்துபோன தடயம் இருந்தது. அந்த ஜூலை இறுதியில் மாநகராட்சிக் கணக்கில் இருந்த நோயாளிகளோ நகரம் முழுவதற்கும் சுமார் 1.1 லட்சம். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊர் இது!

யாரும் பொய்க்கணக்கு எழுதாமலேயே இப்படி நேரும். அறிகுறி இல்லாதவர் பரிசோதனைக்கு வரமாட்டார். தினக்கூலிக்காரரோ 'பாசிட்டிவ்' என்றால் குடும்பமே முடங்கும், கூலி போகும் என்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார். 1896-இல் மும்பையின் மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகஸ் பிளேக்கைக் கண்டறிந்த பிறகும் இதுதான் நடந்தது. சோதனைக் குழுக்கள் வீடு புகுந்ததும் மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். ஆக, நோய் அடர்ந்த இடத்தில்தான் கணக்கு மெலிகிறது. அந்தக் கணக்கை நம்பிப் படுக்கைகளை ஒதுக்கினால், ஏழைகளின் தெருவுக்கு வந்துசேர்வது மிச்சம்தான்.

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தது 2020 ஏப்ரல் 1-இல். ஆனால் அங்கே நோயாளி வரட்டும் என்று மாநகராட்சியினர் காத்திருக்கவில்லை; காய்ச்சல் முகாம் போட்டார்கள், வீடு வீடாக ஆக்சிமீட்டரோடு போனார்கள். தேடினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைத் தோல்வி என்று படிப்பது பெரும் பிழை.

ஜூலை ஆய்வு இன்னொன்றும் சொன்னது: தொற்றியவர்களில் இறந்தவர்கள் 0.05 முதல் 0.10 சதவீதமே இருக்கலாம். நிம்மதி தரும் எண்தான். ஆனால் ஜூன் 16 அன்று மும்பையின் கணக்கில் விடுபட்டிருந்த 862 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. ஜூலை 22-இல் தமிழ்நாடும் இப்படி விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்தது. தொற்றியவர்கள் எத்தனை பேர் என்பது ஓரளவு தெளிந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெளியவில்லை. தவிர, ஆய்வு நடந்தது 24 வார்டுகளில் மூன்றில் மட்டும். இந்தப் பட்டமளிப்பு விழா நடக்கும் காட்கோபரின் 'என்' (N) வார்டும், தாராவியின் ஜி வடக்கு வார்டும் அதில் இல்லை.

மருத்துவப் பட்டம் பெறும் உங்களில் சிலர் விரைவில் இரவுப் பணியில் இறப்புப் படிவம் நிரப்புவீர்கள். காரணம் என்ற கட்டத்தில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால், அதற்கு முந்தைய நிமோனியாவும் தொற்றும் தாளில் ஏறாது. அடுத்த வாரம் எந்த வார்டுக்கு எத்தனை ஆக்சிஜன் படுக்கை என்று முடிவெடுக்கும் அதிகாரியின் மேசைக்கு அந்தத் தாள்தான் போகிறது.