ஆட்டுக்கொல்லி நோயும் காட்டு மிருகங்களும்



பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஆடு வளர்ப்போர் அநேகர். திருச்சி கறுப்பு என்னும் செம்மறியினம் இப்பகுதிக்குரிய செல்வமாகும். நமது ஆடுகள் மேயும் காப்புக் காடுகளின் ஓரத்திலேயே புள்ளிமான்களும் மேய்கின்றன. கோடையில் ஒரே குட்டையில் இரண்டும் நீர் பருகுவதுண்டு. ஆகையால் ஆட்டின் வியாதியைப் பற்றிய ஆராய்ச்சி, காட்டு மிருகத்தைப் பற்றியதுமாகும்.

ஆட்டுக்கொல்லி நோய் 1942-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்ட இடம் நமக்கு அயலான விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த அரசூர், ஆண்டு 1987. மாடுகளை மாய்த்த வெக்கை நோயின் கிருமியும் இதன் கிருமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடுஞ்சுரம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், இளைப்பு ஆகியவை இதன் குறிகள். நோயுற்ற ஆட்டின் மூச்சாலும் சளியாலும் சாணத்தாலும் அடுத்த ஆட்டிற்குப் பரவும். மனிதரைத் தொற்றாது.

கூண்டிலும் காட்டிலும் வாழும் மிருகங்களையும் இந்நோய் விடுவதில்லை. 1983-இல் அரபு நாட்டின் அல் அயின் மிருகக்காட்சிச் சாலையில் இரலைகளும் காட்டாடுகளும் இதற்கு இரையாயின. 2016-இல் மங்கோலியாவில் முதலில் வீட்டு ஆடுகளுக்கு வந்த நோய், அவ்வாண்டின் இறுதியில் சைகா என்னும் அரிய இரலைகளிடம் தாவி, ஐயாயிரத்திற்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. காட்டு மிருகத்தைப் பிடித்து ஊசி போடுதல் எளிதன்று. எனவே அதனைக் காக்கும் வேலி நம் பட்டியிலேயே இருக்கின்றது.

அரசூரில் எடுத்த கிருமியையே வலுவிழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பு மருந்தாக்கினர். நம் மண்ணில் கண்ட நோய்க்கு நம் மண்ணிலேயே மருந்து கிடைத்தது. ஒருமுறை போட்ட ஊசி சில ஆண்டுகள் காக்கும். வெக்கை நோயும் இவ்விதமே ஊசியாலும் கண்காணிப்பாலும் ஒழிந்தது. உலகில் அது இல்லையென்று 2011-இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒருவர் ஊசி போட்டு, அயலார் போடாவிடில் பயன் குறைவு. பாதி மந்தை விடுபட்டால் நோய் அங்கே தங்கி, பிறக்கும் குட்டிகளைப் பற்றும். தனி மனிதன் செய்யவியலாததைச் சங்கம் செய்யலாம். ஊரிலுள்ள ஆடுகளுக்கெல்லாம் கணக்கெழுதி, கால்நடை மருத்துவரைக் கேட்டு ஒரு நாளைக் குறித்து, நான்கு மாதம் நிறைந்த குட்டி முதல் யாவற்றிற்கும் ஊசி போடுவிக்க வேண்டும். பின்பு பிறக்கும் குட்டிகளுக்கு ஆண்டுதோறும் அவ்வாறே செய்க. சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுக. நோயுற்றதைக் காட்டோரம் ஓட்டற்க. சந்தையில் விற்கவும் வேண்டா. விற்றவருக்குச் சில ரூபாய் மிஞ்சும். வாங்கிய ஊருக்கோ பட்டியே காலியாகும். இறந்த ஆட்டை ஓடையிலெறியாது, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். காட்டில் மான்கள் கூட்டமாய் மாண்டு கிடக்கக் கண்டால், தொடாமல் வனத்துறையாருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவித்தல் கடமை.

ஏழை விதவைக்கு நான்கு ஆடுகளே பாங்கியாகும். அந்நான்கும் ஒரு வாரத்தில் மடிந்தால், அவள் பெற்ற கடன் மட்டுமே மிஞ்சும். அக்கடன் நமது சங்கத்தின் ஏட்டிலேயே நிற்கும். ஆதலின் அடுத்த கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களை எடுக்குமுன், ஊசி போடும் நாளைத் தீர்மானிக்குமாறு உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.