பொள்ளாச்சியில் புறப்பட்ட வண்டி

நான் பெருந்துறைக்காரன். அரசு போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவன். உழைப்பும் பக்தியுமாக வாழ்ந்த ஒரு குடும்பப் பெரியவரைப் பற்றிப் பேசுங்கள் என்று கோவை வானொலி நிலையத்தார் கேட்டார்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொள்ளாச்சி அருட்செல்வர் நா. மகாலிங்கம் என்றேன். ஆனால் மகனைப் பற்றிப் பேச வேண்டுமானால் தகப்பனாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் நாச்சிமுத்துக் கவுண்டரையும் சேர்த்தே பேசுகிறேன்.

மகாலிங்கம் அவர்களை மேடையில் பார்த்தவர்கள், சர்க்கரை ஆலையால் அறிந்தவர்கள், கல்லூரியால் அறிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அதற்கெல்லாம் முந்திய கதை, வண்டிக் கதை. என் காலம் முழுக்க பஸ்ஸிலேயே போனதால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது.

நாச்சிமுத்துக் கவுண்டர் பொள்ளாச்சியில் போக்குவரத்துத் தொழிலில் இறங்கியது 1921-ல். அந்தக் காலத்துப் பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாய். தெற்கே ஆனைமலை, அதன் மேலே வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டிப் போட்ட தேயிலை, காப்பித் தோட்டங்கள். போத்தனூரிலிருந்து ரயில் 1915-லேயே பொள்ளாச்சிக்கு வந்துவிட்டது. ஆனால் ரயில் ஸ்டேஷனோடு நின்றுவிடும். கடலைக்காயும் வெல்லமும் தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வர வேண்டும். மலைக்கு மேலே அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற வேண்டும், தேயிலைப் பெட்டி இறங்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் போக்குவரத்துத் தொழில் என்ற ஒன்று பிறந்தது.

அன்றைக்குச் சரக்கு என்றால் மாட்டு வண்டிதான். என் அப்பாரும் வண்டிக்காரர்தான். பெருந்துறையிலிருந்து ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் ஏற்றிப் போவார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வண்டி பூட்டுவார். அச்சுக்குக் கீழே அரிக்கன் விளக்கு தொங்கும். ஐந்தாறு வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன் வண்டிக்காரர் மட்டும் கண் விழித்திருந்தால் போதும். காங்கேயம் மாடு தானாகவே தடம் பிடித்துப் போய்விடும். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பட்டையைத் தரையில் வைத்து, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு செக்கச் செவேலென்று பழுத்ததும் நாலு பேர் குறட்டால் தூக்கி மரச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். குபுகுபுவென்று புகை எழும்பும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சத்தம் இருக்கிறதே, அது ஒரு முறை கேட்டால் மறக்காது.

அப்படிப்பட்ட ஊரில் மோட்டார் வந்தது. 1931-ல் நாச்சிமுத்துக் கவுண்டர் 21 பஸ்களோடு ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் கம்பெனியைத் தொடங்கினார். ஏ.பி.டி. என்று சொன்னால்தான் உங்களுக்குப் பட்டென்று புரியும். அதில் பார்சல் அனுப்பாத கொங்கு வீடு உண்டா?

1931-ல் பஸ் நடத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. சேஸிஸ் மட்டும்தான் சீமையிலிருந்து கப்பலில் வரும். கூண்டு கட்டுவது நம்மூர் ஆசாரிகள். மர பாடி, மரப் பலகை சீட்டு. காலையில் முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் இன்ஜின் உறுமும். 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்து பர்மிட், ரூட் என்று இறுக்கியது. கூடவே உலகப் போரும் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். பஸ் எதில் ஓடியது தெரியுமா? அடுப்புக்கரியில். வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டிக் கனல வைத்து, வருகிற வாயுவைக் குழாய் வழியாக இன்ஜினுக்கு அனுப்புவார்கள். மேடு வந்தால் வண்டி திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள், ஏறி உட்காருவார்கள், மறுபடி இறங்குவார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு பழைய டிரைவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடுதான் டூட்டி. தனியார் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, கரி அள்ளிப் போட்டு, பிறகு ஸ்டீரிங் பிடித்தவர். டிப்போவிலிருந்து வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு கட்டையோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு டயரையும் தட்டுவார். "ஏங்கண்ணு, டயர் பேசுமுடா. காது குடுத்துக் கேளு" என்பார். நானும் கேட்கப் பழகினேன். காற்று சரியாக இருக்கிற டயர் 'டங்' என்று எதிர்க்கும். குறைந்திருந்தால் 'தொப்' என்று அமுங்கும். உள்ளே இருக்கிற இரட்டை டயரில் ஒன்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூட அவர் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பஸ் கம்பெனி உருவாவதற்கு முதலாளி போடும் முதலோடு இப்படிப்பட்டவர்களின் காதும் கையும் வேண்டும். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

சரி, மகனுக்கு வருகிறேன். மகாலிங்கம் பிறந்தது 1923 மார்ச் 21. அதாவது அப்பா தொழில் தொடங்கி இரண்டு வருஷம் கழித்து. பஸ் முதலாளி மகன் கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்று நாச்சிமுத்துக் கவுண்டர் நினைக்கவில்லை. சென்னைக்கு அனுப்பி இயற்பியலும், கிண்டியில் பொறியியலும் படிக்க வைத்தார். மகன் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தார். 1957-ல் பொள்ளாச்சியில் தகப்பனார் பெயரிலேயே நாச்சிமுத்து பாலிடெக்னிக் எழுந்தது.

இதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆயின. ஏ.பி.டி.யின் பஸ்களைக் கொண்டுதான் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பிறகு ஈரோட்டுக்கு ஜீவா போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. அரசு பஸ் வந்ததால்தான் லாபமில்லாத குக்கிராமத்துக்கும் ஒரு நடை வண்டி போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பாஸ் கிடைத்தது. அந்த பஸ்ஸில் டிக்கெட் கிழித்த நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அரை நூற்றாண்டாக அப்பாவும் மகனும் கட்டி வளர்த்த தொழில் கையைவிட்டுப் போவது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயமா? அந்தக் குடும்பம் ஒடுங்கி உட்காரவில்லை. பஸ் போன பிறகும் அந்த பாலிடெக்னிக் நின்றது. அங்கே டிப்ளமோ முடித்த பையன்கள் எங்கள் பணிமனைக்கே வேலைக்கு வந்தார்கள். அவர்கள் இன்ஜின் இறக்கி ஏற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பஸ்ஸைக் கொடுத்தவர், அதைப் பழுது பார்க்கப் பிள்ளைகளையும் படிக்க வைத்துத் தந்திருக்கிறார்!

ரோட்டில் சம்பாதித்ததைப் படிப்பில் போடுவது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதானுங்க. எங்கள் பெருந்துறையிலும் இது நடந்தது. பழைய டி.பி. சானடோரியம் வளாகத்தில் 1992-ல் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது. இன்றைக்கு அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. அது போக்குவரத்துத் தொழிலாளர்களின் பங்களிப்பில் எழுந்தது. டிரைவர், கண்டக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று அங்கே இடம் ஒதுக்கினார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தன் மகளை வெள்ளைக் கோட்டில் பார்த்து பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்த நாளில் நானும் அங்கே இருந்தேன்.

சர்க்கரைக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். மகாலிங்கத்தின் சக்தி சர்க்கரை ஆலைக் கம்பெனி 1961-ல் பதிவானது. 1964-ல் பவானி ஆற்றோரம் ஆப்பக்கூடலில் அரவை தொடங்கியது. கோபி, அத்தாணிப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. பவானியிலிருந்து சத்தி ரோட்டில் டூட்டி போகும்போது, அரவைக் காலமானால் ஆப்பக்கூடலுக்கு முன்னாலேயே பாகு வாசம் பஸ்ஸுக்குள் வந்துவிடும். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி, டிராக்டர் வரிசை ரோட்டை அடைத்து நிற்கும். பயணிகள் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அந்த வண்டியில் பாதிப் பேருடைய சொந்தக் கரும்பு இருக்கும். கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்பதுதான் அந்த நடையில் பேச்சே. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது கூட அதை ஒட்டித்தான்.

நேரம் குறைவாக இருப்பதால் மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மகாலிங்கம் 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். காமராஜரும் சி. சுப்பிரமணியமும் முன்னின்ற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காகத் தன் வட்டாரத்தின் குரலாக நின்றவர். 1984-ல் கோவையில் குமரகுரு பொறியியல் கல்லூரி. 2007-ல் பத்மபூஷண். மூன்று மகன்கள், ஒரு மகள். மகன்கள் அவர் தொட்ட வேலைகளில் ஒவ்வொன்றை எடுத்து நடத்தினார்கள்.

அவருடைய பக்தியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆலை முதலாளிகள் கோயிலுக்குக் கோபுரம் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். இவர் வள்ளலார் பின்னால் போனார். பசித்தவனுக்குச் சோறு, எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமை என்ற அந்த வழியைச் சொந்த வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டார். சென்னையில் இராமலிங்கர் பணி மன்றத்தை நடத்தினார். 'ஓம் சக்தி' மாத இதழை வெளியிட்டார். தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வைத்து அச்சிட்டார். ஆலைக் கணக்கு பார்க்கிற மேஜையிலேயே திருமந்திரமும் இருந்தது என்றால் அதில் வியப்பில்லை. அவருக்கு அது இரண்டு வேலை அல்ல. ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் வள்ளலாருக்கும் காந்திக்கும் சேர்த்து விழா எடுத்தார். வயது ஏற ஏற மற்றவர்கள் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்காருவார்கள். இவர் தொண்ணூற்றொன்றாம் வயதிலும் அந்த விழாவுக்குப் போனார். 2014 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், சென்னையில் அந்த விழா நடந்துகொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

நேயர்களே, வால்பாறைக்குப் போகிறவர்கள் ஆழியாறிலிருந்து அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது, மர பாடி வண்டியில் ஹேண்டில் சுற்றி ஓட்டிய தலைமுறையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நாச்சிமுத்துக் கவுண்டரைப் பற்றியும் மகாலிங்கத்தைப் பற்றியும் எழுதி வைக்க ஆட்கள் இருக்கிறார்கள், புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டு அப்பாரை, அப்புச்சியைப் பற்றி எழுத உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர் வண்டி ஓட்டியிருக்கலாம், லாரிக்குக் கிளீனராகப் போயிருக்கலாம், தறி ஓட்டியிருக்கலாம், தோட்டத்துச் சாளையை விட்டு நகராமல் பண்ணையம் பார்த்திருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருஷம் எந்த ஊருக்குப் போனார், என்ன கூலி, அந்தக் கூலியில் யாரைப் படிக்க வைத்தார் என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்து, தேதி போட்டு, பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பேச்சுவாக்கில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வந்தால் ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.