பள்ளித் தோட்டத்துத் தையல்காரர்

காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் பட்டுச்சேலையில் என்னென்ன பறவை இருக்கிறது என்று கேளுங்கள். மயில், கிளி, அன்னம், இருதலைப்பட்சி என்று கடகடவென ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளைத் தென்னேரி ஏரிக்கரையில் நிறுத்திக் கேட்டால், நத்தைகுத்தி நாரையும் கொக்குதான், அரிவாள்மூக்கனும் கொக்குதான்!

இதை மாற்ற சுலபமான வழி, படம் வரையச் சொல்வது. வரையும்போதுதான் கண் உற்றுப் பார்க்கும். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். அதை ஒருமுறை வரைந்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது தோட்டம். பள்ளிக்கூட ஓரத்தில் நாலு செம்பருத்தி, கொஞ்சம் இட்லிப்பூ வைத்தால் தேன்சிட்டு தேடி வரும். அகன்ற இலைச் செடி இருந்தால் தையல்சிட்டும் வரலாம். அது அலகால் இலையோரத்தில் துளை போட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்து, இலையைப் பை மாதிரி தைத்து, அதற்குள் கூடு கட்டும். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

மூன்றாவது, கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஊர் ஊராகப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்தாலே போதும், யாரும் சேரலாம்.

ஆசிரியர்களே, வருகிற பொங்கலுக்குப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். கையில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். செடியை மட்டும் இன்றைக்கே நட்டுவிடுங்கள்!