களையை எப்போ எடுக்கணும்?

போன சில எபிசோட்ல வேலை, சம்பளம், இன்டர்வியூன்னே பேசிட்டு இருந்தோம். இன்னைக்குக் களையைப் பற்றிப் பேசலாம். நாம நடாமலேயே தோட்டத்துல முளைக்குதே, அந்தக் களைதான்.

"தோட்டம் போடுங்க, மனசு லேசாகும்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா விதை போடுறதையும் காய் பறிக்கிறதையும்தான் நாம போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அந்த ரெண்டுக்கும் நடுவுல பாதி நாள் களை எடுக்கிறதுலயே போகுது. அதை யாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறதில்லை.

நான் வடமதுரைக்காரன். திண்டுக்கல் - திருச்சி ரோட்டுல போனவங்களுக்கு ஊர் தெரிஞ்சிருக்கும். செம்மண் பூமி. கிணறு, போர், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை, இதை நம்பித்தான் கடலை, தக்காளி, முருங்கை எல்லாம். வீட்டுக்குப் பின்னாடி எங்களுக்கும் மூணு சென்ட் தோட்டம் இருக்கு. நல்ல மழை பெஞ்சு ஒரு வாரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, நாம போட்டது எது, தானா வந்தது எதுன்னு தெரியாத அளவுக்குப் பச்சை. பக்கத்துக் காட்டுக்குக் களையெடுக்க வர்ற ஒரு பெரியம்மாதான் எனக்கு ஒவ்வொண்ணையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தாங்க. மீதியைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல கோரை. 1977ல் லீராய் ஹோம் என்கிற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் உலகத்தின் மோசமான களைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல முதல் இடம் கோரைக்குத்தான். மேல பார்த்தா சாதாரணப் புல். மண்ணுக்குள்ள பார்த்தா சங்கிலி மாதிரி ஒரு கிழங்கோட இன்னொரு கிழங்கு கோத்திருக்கும். சங்கிலி முழுசா இருக்கிற வரைக்கும் நிறைய கிழங்குகள் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். நாம ஆத்திரத்துல மண்வெட்டியால நாலு கொத்துக் கொத்தினோம்னா சங்கிலி அறுந்துடும். தூங்கிக்கிட்டு இருந்த கிழங்கெல்லாம் தனித்தனியா முளைக்க ஆரம்பிக்கும். ஒரு செடி இருந்த இடத்துல பத்துச் செடி.

பெரியம்மா இதை ஒரே வரியில சொன்னாங்க: "புல்லைப் பிடுங்கினா புல்லுதான் தம்பி வரும். கிழங்கை எடு."

கோரைக்கு வைத்தியம் ரெண்டு. ஒண்ணு, கோடை உழவு. வெயில் காலத்துல மண்ணைப் புரட்டிப் போட்டா, கிழங்கு மேல வந்து காய்ஞ்சு சாகும். ரெண்டாவது, நிழல். கோரைக்கு நிழல் ஆகாது. மேல அடர்த்தியா ஒரு பயிர் மூடிக்கிட்டா அது சோர்ந்து போயிடும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூணு வருஷத்துல மூணு கம்பெனி மாறினார். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன காரணம், மேனேஜர். சரி, சில மேனேஜர்கள் நிஜமாவே களைதான், அதை மறுக்கலை. ஆனா நாலாவது கம்பெனியிலயும் ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் திறந்துதான் இருந்துச்சு. யார் எந்த வேலை கொடுத்தாலும் "முடியாது"ன்னு சொல்ல வராததுதான் கிழங்குன்னு அப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது. மூணு தடவை அவர் புல்லைத்தான் பிடுங்கியிருக்கார்.

அடுத்தது பார்த்தீனியம். ரோட்டோரம், காலி பிளாட், பஸ் ஸ்டாண்டுப் பின்னாடின்னு எங்கேயும் வெள்ளை வெள்ளையா சின்னப் பூவோட நிக்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950கள்ல புனே பக்கம் கண்ணுல பட்டுது, இன்னைக்கு நாடு முழுக்க இருக்கு. தோல்ல பட்டா நிறைய பேருக்கு அரிப்பு வரும், அதனால கையுறை போட்டுத்தான் தொடணும். இதுக்குக் கிழங்கு கிடையாது. மழை பெஞ்ச ஈர மண்ணுல இழுத்தா சுலபமா வந்துடும். ஆனா முளைச்சு ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல பூத்துடும். அப்புறம் ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேல விதை கொட்டும். பூக்கிறதுக்கு முன்னாடி பிடுங்கினா அது எருவாகும். பூத்த பிறகு பிடுங்கிக் குப்பையில போட்டா, நாமளே விதைச்ச மாதிரி.

"சனிக்கிழமை பார்த்துக்கலாம்"னு நாம தள்ளிப்போடுற விஷயங்கள் பாதி இந்த ரகம். கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டுறது. நண்பனோட சின்ன மனஸ்தாபம். பல் வலி. இதுல எதுக்கும் பெரிய பலம் வேண்டாம், பூக்கிறதுக்கு முன்னாடி கை வெச்சாப் போதும்.

சரி, அப்போ எப்பவும் களை எடுத்துக்கிட்டே இருக்கணுமா? இல்லை. கடலை போட்டவங்களைக் கேளுங்க. விதைச்சு 20, 25 நாள்ல ஒரு களை. 40, 45 நாள்ல இன்னொரு களை, கூடவே ஜிப்சம் போட்டு மண் அணைப்பாங்க. அதோட சரி. அதுக்கப்புறம் மண்ணைக் கிளறக் கூடாது. ஏன்னா கடலைப்பூ மேல பூத்தாலும் காய் மண்ணுக்குள்ளதான். பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள்ள போய்க் காயாகும். அந்த நேரத்துல களைக்கொத்தியோட இறங்கினா களையோட சேர்த்து விழுதும் அறுந்துடும்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த இடம் ரொம்பக் கஷ்டம். செல்ஃப் இம்ப்ரூவ்மென்ட்ங்கற பேர்ல நம்மளையே தினமும் கொத்திக்கிட்டு இருக்கோம். புதுப் பழக்கம், புது ஆப், புது ரொட்டீன். ஏதோ ஒண்ணு உள்ளே இறங்கிக் காய் பிடிக்கிற நேரத்துல நாலு புல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விடவும் தெரியணும்.

இன்னொண்ணு, எடுத்த இடம் சும்மா இருக்காது. வெறும் மண்ணைப் பார்த்தா களைக்குக் கொண்டாட்டம். அதனால காய்ஞ்ச இலை, வைக்கோல்னு ஏதாவது போட்டு மூடாக்கு போடுவாங்க. இல்லேன்னா ஊடுபயிரா தட்டைப்பயறு விதைப்பாங்க. இன்ஸ்டாகிராமை டெலீட் பண்ணிட்டு அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன விதைக்கிறதுன்னு யோசிக்கலைன்னா, யூடியூப் ஷார்ட்ஸ் வந்து முளைச்சுடும்.

எல்லாக் களையும் குப்பைக்குப் போறதில்லைங்கறதையும் சொல்லணும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் கடலைக்காட்டுல தானா வர்ற களைதான். களையெடுக்கப் போறவங்க சாயங்காலம் மடி நிறைய கீரையோட வருவாங்க. அந்தக் கோரைக்கிழங்குகூட நாட்டு மருந்துக்கடையில விலைக்குக் கிடைக்குது, குளியல் பொடியில அரைச்சுப் போடுறாங்க. அதனால பிடுங்குறதுக்கு முன்னாடி அது என்ன செடின்னு ஒரு தடவை பாருங்க.

கடைசியா ஒரு விஷயம். இதைச் சொல்லாம முடிச்சா இந்த எபிசோடுக்கு அர்த்தம் இல்லை. தோட்டத்துல உட்கார்ந்தா எனக்கு மனசு லேசாகுதுன்னு பெரியம்மாகிட்ட ஒரு நாள் சொன்னேன். சிரிச்சாங்க. "உனக்கு மனசு லேசாகுது தம்பி, எனக்கு இடுப்பு கனக்குது"ன்னாங்க.

எங்க பக்கம் களையெடுப்பு பெரும்பாலும் பெண்கள் வேலை. காலையில இருந்து குனிஞ்ச முதுகோட, வெயில்ல. ஆம்பளைக் கூலியை விட அவங்க கூலி குறைவு. இப்போ களைக்கொல்லி அடிக்கிற காட்டுல அந்த வேலை நாளும் குறைஞ்சுக்கிட்டு வருது. நமக்கு இது வாழ்க்கைப் பாடம், அவங்களுக்கு இது அன்னைக்குச் சோறு. எந்த விதை எப்போ விழும், எந்த வேர் எவ்வளவு ஆழம் போகும்னு அவங்க விரலுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு நம்ம ஊர்ல சர்டிஃபிகேட்டும் இல்லை, இன்க்ரிமென்ட்டும் இல்லை. ஊர்ல உங்களுக்கு நிலம் இருந்து ஆள் வெச்சுக் களை எடுத்தீங்கன்னா, கூலியில பேரம் பேசாதீங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுங்க. இன்னைக்கு நான் கேட்டுக்கிறது இது ஒண்ணுதான்.

மற்றபடி, மாடியில நாலு தொட்டி வெச்சிருந்தாலும் சரி, இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் போய் உட்காருங்க. முளைச்சிருக்கிறது என்ன, வேர் எங்க இருக்கு, இப்போ எடுக்கணுமா விடணுமான்னு பாருங்க. அதைப் பார்த்த பிறகு கை வைங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.