மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்குமா? டீக்கடையில் வரும் மூன்று வாதங்கள்

(இளைஞர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில்நுட்பமும் மக்களும்'. பெரிய தலைப்பு. நான் சின்னதா எடுத்துக்கிறேன். டீக்கடையில, பஸ் ஸ்டாண்டுல, குடும்ப வாட்ஸ்அப் குழுவுல நம்ம தோழர்கள் அடிக்கடி மாட்டிக்கிற மூணு வாதம் இருக்கு. பதில் சொல்ல வரலைன்னா நமக்குக் கோபம் வருது. கோபப்பட்டுட்டா அதோட வாதம் முடிஞ்சுபோச்சு, எதிர்ல இருக்கிறவர் ஜெயிச்சுட்டார். அதனால இன்னைக்கு அந்த மூணுக்கும் நிதானமா பதில் பார்ப்போம்.

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நாம கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. ரயில் டிக்கெட்டுக்கு விடிய விடிய வரிசையில நின்ன காலத்தை யாரும் திரும்பக் கேட்கலை. பட்டா நகலுக்கு நாலு தடவை அலையறதை விட போன்ல எடுக்கிறது நல்லதுதான். நம்ம கேள்வி வேற. மெஷின் தப்பு செஞ்சா நஷ்டம் யாருக்கு, பதில் சொல்றது யாரு?

முதல் வாதம்: "மெஷின் பொய் சொல்லாதுங்க. மனுஷன்தான் திருடுவான்."

இதைச் சொல்றவர்கிட்ட பிரிட்டன் தபால் துறை கதையைச் சொல்லுங்க. அங்கே ஊர் ஊருக்குச் சின்னத் தபால் நிலையங்களை நடத்துறவங்களுக்கு 'ஹொரைசன்'னு ஒரு கணக்கு மென்பொருள் கொடுத்தாங்க. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு கம்பெனி. சாயந்திரம் கணக்கு முடிக்கும்போது பணம் குறையுதுன்னு அது காட்டும். கல்லாவுல உண்மையில குறையலை, மென்பொருள்ல கோளாறு. ஆனா கம்ப்யூட்டர் சரியாத்தான் வேலை செய்யுதுன்னு எடுத்துக்கிறது அங்கே கோர்ட்டு நடைமுறை. அப்ப யாரு திருடன்? கவுன்டர்ல உட்கார்ந்திருக்கிறவர்.

1999-ல் இருந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினாங்க. வீட்டை வித்துப் பணம் கட்டினவங்க இருக்காங்க, ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க, அவமானம் தாங்காம உயிரை விட்டவங்களும் இருக்காங்க. மென்பொருள்ல பிழை இருந்துச்சுன்னு லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பர்ல. கடைசியில 2024-ல நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டியதாப் போச்சு.

படிச்ச நாடு, பணக்கார நாடு, அங்கேயே 20 வருஷம் ஆச்சு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சரி. ஆனா அது தப்பாச் சொல்லும். அந்தத் தப்பை எதிர்த்துக் கேட்க ஏழைக்கு ஒரு இடம் வேணும்.

இரண்டாவது வாதம்: "கைரேகை வச்சாத்தான் திருட்டு நிக்கும்."

இதுல பாதி உண்மை இருக்கு. ஒத்துக்கணும். போலி கார்டு, இல்லாத ஆள் பேர்ல கார்டு, இதையெல்லாம் பிடிக்கக் கம்ப்யூட்டர் உதவும். மீதிப் பாதியைக் கேளுங்க. ரேஷன் திருட்டுல ரெண்டு வகை. ஒண்ணு ஆள் மாறாட்டம். இன்னொண்ணு எடை குறைப்பு. பில்லுல 20 கிலோ, பையில 18 கிலோ. கைரேகை வச்ச பிறகும் அந்த ரெண்டு கிலோ போகத்தான் செய்யும். வந்தது யாருன்னு ரேகை சொல்லும். வாங்கிட்டுப் போனது எவ்வளவுன்னு சொல்லாது.

நூறு நாள் வேலையைப் பாருங்க. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்துலயும் ஆப் வழியா வருகைப் பதிவு, ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோன்னு கட்டாயம் ஆக்கினாங்க. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில போட்டோ ஏறலைன்னா, நாள் முழுக்க மண் வெட்டினவங்களுக்குக் கூலி சிக்கல். திருட்டாவது நின்னுச்சா? 2025 ஜூலையில மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதுச்சு: சம்பந்தமில்லாத போட்டோ ஏத்துறாங்க, போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறாங்கன்னு. திருடறவன் ஆப்பைத் தாண்டிப் போயிட்டான். மாட்டிக்கிட்டது வேலை செஞ்ச அம்மாதான்.

ரேகை யாருக்கு விழாமப் போகுது? சிமென்ட் கலவை அள்ளுறவங்களுக்கு, செங்கல் தூக்குறவங்களுக்கு, பாத்திரம் துலக்குறவங்களுக்கு, உப்பளத்துல வேலை செய்யறவங்களுக்கு, வயசானவங்களுக்கு. உழைச்சு உழைச்சுத் தேய்ஞ்ச விரல் அது. ஏசி ரூம்ல உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவர் விரல்ல ரேகை நல்லாத்தான் இருக்கும். ஆனா அவர் ரேஷன் வரிசைக்கு வரமாட்டார்.

இது வெறும் அலைச்சல் விஷயமும் இல்லை. 2017 செப்டம்பர்ல ஜார்க்கண்ட் சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சு. ஆதார் இணைக்கலைன்னு ரேஷன் கார்டை நீக்கிட்டாங்க, வீட்ல சோறு இல்லைன்னு குடும்பம் சொல்லுச்சு. மலேரியான்னு அரசு தரப்பு சொல்லுச்சு. காரணத்துல சண்டை இருக்கலாம். அந்த வீட்டுக்கு ரேஷன் அரிசி நின்னுபோனதுல சண்டை இல்லை. அதுக்கு அடுத்த மாசம், ஆதார் இல்லைன்னோ ரேகை பொருந்தலைன்னோ யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாதுன்னு மத்திய உணவுத் துறை எல்லா மாநிலத்துக்கும் எழுதுச்சு.

தோழர்களே, இந்தக் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கோங்க. ரேகை விழலைன்னா 'நாளைக்கு வாங்க' என்பது பதில் கிடையாது. ஓடிபி இருக்கு. கருவிழி மெஷின் இருக்கிற கடையில கருவிழி. எதுவும் ஒத்துவரலைன்னா பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் பொருளைக் கொடுக்கணும்.

மூன்றாவது வாதம்: "தப்பு பண்ணாதவனுக்கு எதுக்குங்க ரகசியம்?"

நிறையப் படிச்சவங்களே கேட்கிற கேள்வி. அவர்கிட்ட ஏடிஎம் பின் நம்பரைக் கேளுங்க. சொல்ல மாட்டார். தப்பு பண்ணதாலயா? இல்லையே. வீட்டுக் கதவைச் சாத்துறதும் குற்றம் பண்ணத்தான்னு யாரும் சொல்றதில்லை. ஜவுளிக்கடையில பில் போடும்போது நம்பர் கேட்டாங்க, கொடுத்தோம். அப்புறம் கடன் வேணுமான்னு யார் யாரோ கூப்பிடறாங்க. நம்பர் எப்படிப் போச்சுன்னு யாரும் நமக்குச் சொல்லலை.

2012-ல ஆதாருக்கு எதிரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கே.எஸ்.புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி. 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அப்ப அவருக்குத் தொண்ணூறு வயசு தாண்டியாச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர் 26-ல ஆதார் சட்டம் செல்லும்னு நாலு பேர் சொன்னாங்க, நீதிபதி சந்திரசூட் மட்டும் செல்லாதுன்னு எழுதினார். ஆனா அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பே, பேங்க் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

குடிமகன் ரகசியத்தைக் குடிமகன் வச்சுக்கணும். அரசாங்கம் கணக்கைத் திறந்து வைக்கணும். இப்ப தலைகீழா நடக்குது. 2023-ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாத்தி, 'தனிப்பட்ட தகவல்'னு சொல்லி மறுக்கிற வழியை அகலமாக்கியிருக்கு. நம்ம ரேகை அவங்க கையில, அவங்க கோப்பு நமக்கு இல்லைன்னா என்ன நியாயம்?

சரி, பேசியாச்சு. செய்ய வேண்டியது என்ன? நாலே வேலை.

1. இந்த மாசம் உங்க வார்டு ரேஷன் கடையில ரெண்டு மணி நேரம் நில்லுங்க. ரேகை விழாமத் திரும்பிப் போறவங்க எத்தனை பேர்னு நோட்டுல எழுதுங்க.

2. திரும்பிப் போறவங்களைத் தனியா அனுப்பாதீங்க. கூடப் போய்ப் பதிவேட்டைக் கேளுங்க. கடைக்காரரோடு சண்டை வேண்டாம், மெஷினை அவர் வாங்கலை. சர்வர் நின்னா திட்டு வாங்குறதும் அவர்தான். தீரலைன்னா 1967-க்கு அந்த இடத்துலயே போன் பண்ணுங்க.

3. பத்து ரூபாய் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள். போன வருஷம் உங்க தாலுகாவுல ரேகை பொருந்தாம எத்தனை பேருக்குப் பதிவேடு மூலம் கொடுத்தீங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

4. வாட்ஸ்அப்புல நமக்குச் சாதகமா ஒரு படம் வந்தா, உண்மையான்னு பார்க்காம அனுப்பாதீங்க. நம்ம பக்கத்துக்கு உதவுற பொய்யும் பொய்தான். ஒரு தடவை மாட்டினா, அடுத்து நாம சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

டீக்கடை வாதத்துல ஜெயிக்கிறது பெருமைக்கு இல்லை. எதிர்ல இருக்கிறவர் நம்ம ஊர்க்காரர்தான். நாளைக்கு அவர் அம்மாவுக்கும் ரேகை விழாமப் போகலாம். அன்னைக்கு அவர் முதல்ல யாருக்குப் போன் பண்றாரோ, அவங்கதான் அந்த வாதத்துல ஜெயிச்சவங்க. அந்தப் போன் உங்களுக்கு வரணும்.