தொழிலாளியின் சேமிப்பில் எழும் வீடு



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்வீர்கள். சிலர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்வருவீர்கள். கைக்கு வரும் சம்பளத்தில் முதல் பங்கை வாடகை வாங்கிக்கொள்ளும். சில வருடங்களில், சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும். அதற்குக் கடன் கொடுக்கப் பிறந்த அமைப்புகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1775இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், ரிச்சர்ட் கெட்லி நடத்திய விடுதியில் சிலர் கூடினார்கள். மாதாமாதம் சந்தா போட்டு, சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொள்வது ஏற்பாடு. நம் ஊர்ச் சீட்டு போலத்தான். கடைசி உறுப்பினருக்கும் வீடு அமைந்ததும் அன்றைய கட்டடச் சங்கங்கள் கலைந்துவிடும். கலையாத நிரந்தரச் சங்கங்கள் பின்னர் வந்தன. அவற்றைப் பின்பற்றியே சென்னை மாகாணத்தில் ‘நிதி’ எனப்படும் சேமிப்பு, கடன் அமைப்புகள் தோன்றின. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கப்பட்டது.

இலங்கையில் 1984இல் அப்படியொரு கட்டடச் சங்கம் உருவானது. 1997இல் தனிச் சட்டத்தின் மூலம் அது வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனம் ஆனது, 2003இல் வங்கியானது. அதையும் எச்டிஎஃப்சி என்றே அழைக்கிறார்கள். எச்.டி. பாரேக் 1977இல் மும்பையில் தொடங்கிய எச்டிஎஃப்சி வேறு.

இலங்கை வங்கியின் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தொழிலாளியின் சேமலாப நிதியில், அதாவது நம் பி.எஃப். கணக்கில், இருக்கும் தொகையையே பிணையாக வைத்து வீட்டுக்கடன் கொடுக்கிறார்கள். பணத்தை எடுக்க வேண்டியதில்லை. அது கணக்கிலேயே இருக்கும். அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவருக்கும் கதவு திறக்கிறது. தவணை தவறினால் முதுமைக்கான சேமிப்பு கரையும் என்ற ஆபத்தும் உண்டு. ஆகவே கடன் கொடுப்பவர் கூடுதல் பொறுப்போடு இருக்க வேண்டும்.

பொறுப்பு தவறினால் என்ன ஆகும்? பிரிட்டனில் நார்தர்ன் ராக் 1997இல் கட்டடச் சங்கமாக இருந்து வங்கியாக மாறியது. சேமிப்பாளர்களின் பணத்தைவிடச் சந்தையில் வாங்கிய கடனையே பெரிதும் நம்பி வீட்டுக்கடன் கொடுத்தது. 2007இல் அந்தக் கடன் வரத்து நின்றது. கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டே அரசு அதைக் கையகப்படுத்தியது. நம் மயிலாப்பூர் நிதியிலும் 2024இல், போட்ட பணம் திரும்ப வரவில்லை என்று முதியவர்கள் புகார் கொடுத்தார்கள். அதன் தலைவர் கைதானார். நூற்றாண்டு கடந்த பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனையோ ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் பி.எஃப். பிடிக்கிறார்கள். ஆனால் நிரந்தர வேலை இல்லை என்பதால் வீட்டுக்கடன் கேட்டுப் போகவே தயங்குகிறார்கள். உங்களில் வங்கிக்கும் நிதித் துறைக்கும் போகிறவர்களிடம் கேட்கிறேன்: அவர்கள் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது வேலையின் பெயரை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். விடாமல் சேமித்துவந்த வருடங்களையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களுக்கேற்ற கடன் திட்டம் இல்லையென்றால், அதை நீங்களே எழுதிக்கொடுங்கள்.